அண்ணனுக்குப் படம், தங்கைக்குச் சிறுநீர்க் குடுவை: வில்சன் நோயும் எம்.ஆர்.ஐ.யும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரம் ஒன்றில் இருபது வயதுப் பையனுக்குக் கை நடுங்கிப் பேச்சுக் குழறத் தொடங்கினால், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி ‘தண்ணி போடுறானா?’ என்பதாகவும், அடுத்த கேள்வி ‘யாராவது செஞ்சி வெச்சிட்டாங்களா?’ என்பதாகவும் இருக்கும். படிப்பில் பின்தங்கினால் கைப்பேசியைக் குறை சொல்வார்கள். எரிந்து விழுந்தால் காதல் தோல்வி என்பார்கள். குடியும் மனச்சோர்வும் பல வேளைகளில் உண்மையான காரணமாகவே இருந்துவிடுவதால், அரிதான காரணத்தை யாரும் தேடுவதில்லை. அப்படித் தேடாமல் விடப்படுகிறவற்றுள் ஒன்று வில்சன் நோய். உடலில் செம்பு தேங்கிக் கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும், உலக அளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய் அது.

பரம்பரையாக வரும் நரம்பு நோய்கள் பலவற்றில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுப்பது, போனதைக் கணக்குப் பார்க்கும் வேலையாகவே முடிகிறது. ஹண்டிங்டன் நோயில் மூளையின் உட்பகுதி ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதையும், சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களில் சிறுமூளை மெலிவதையும் படம் துல்லியமாகக் காட்டும். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து மட்டும் இருக்காது. வில்சன் நோய் அந்த வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. இதற்கு மாத்திரை உண்டு. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் படமே மாறவும் கூடும். ஆனால் இந்த நோயில் எம்.ஆர்.ஐ.யின் பெரிய பயன் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. நோயைக் கண்டுபிடிக்கும் முதல் படத்தைவிட, மருந்து தொடங்கிய பிறகு எடுக்கும் இரண்டாவது படத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதும், வீட்டில் நலமாக இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குப் படத்தை நம்பவே கூடாது என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழில் செம்பு என்றால் உலோகமும் அதுதான், தண்ணீர் மொள்ளும் பாத்திரமும் அதுதான். உடலுக்கும் செம்பு வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவே போதும். சாப்பாட்டில் அதற்கு மேல் வருவதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பி, மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கான மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏ.டி.பி.7பி என்னும் அந்த மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகப் பிறந்த குழந்தையின் கல்லீரல், வடிகால் அடைத்த தொட்டியைப் போலச் செம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தொட்டி நிரம்பியதும் செம்பு இரத்தத்தில் வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்கிறது. நிரம்புவதற்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதால்தான், பிறவியிலேயே வந்த இந்த நோய் ஒரு பிள்ளைக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலையாகவும் இன்னொரு பிள்ளைக்கு இருபதாம் வயதில் கைநடுக்கமாகவும் எச்சில் வடிதலாகவும் கோணல் எழுத்தாகவும் தலைகாட்டுகிறது.

நோய்க்குப் பெயர் தந்த சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1912இல் இதை விவரித்தபோது, ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகளுக்கு இது வருவதையும், மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதியும் கல்லீரலும் ஒருசேரக் கெடுவதையும் கவனித்திருந்தார். குற்றவாளி செம்புதான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அவருக்குப் பத்தாண்டு முன்பே, 1902இலும் 1903இலும், கைசர், பிளைஷர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் கண்ணின் கருவிழி ஓரத்தில் பொன்பழுப்பு வளையம் ஒன்றைத் தனித்தனியே பார்த்து எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் அந்த வளையம் முக்கியமான தடயம். நரம்புக் குறிகள் தோன்றிய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஆனால் நம்மவர்களின் கண் கரும்பழுப்பு. நீலக் கண்ணில் பளிச்சென்று தெரியும் வளையம் நம் கண்ணில் டார்ச் விளக்குக்குத் தெரியாது. கண் பிரிவில் உள்ள பிளவு விளக்குக் கருவியால்தான் பார்க்க வேண்டும். ‘கண்ணைப் பார்த்துட்டாங்க, ஒண்ணுமில்லன்னுட்டாங்க’ என்று யாராவது சொன்னால், எதைக் கொண்டு பார்த்தார்கள் என்று கேட்பது அவசியம்.

பரம்பரைக் கணக்கு எளிமையானது. பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு நோய் வராது. ஏறத்தாழ 90 பேரில் ஒருவர் அப்படிச் சுமப்பவராக இருக்கிறார். இருவர் மணந்து இருவரும் சுமப்பவராக அமைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவில்லாத தம்பதியருக்கும் இது நேரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தத்தில் கட்டியதால் வந்த தண்டனை என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ஆனால் உறவுக்குள் மணந்தால் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் மறைக்க முடியாது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும்தான் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதற்குத் தடை விதித்ததோடு அந்த வரத்து நின்றது. தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அத்தை மகன், மாமன் மகள் உறவு இன்றும் உரிமையாகக் கருதப்படுகிறது. 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்கூட, நெருங்கிய உறவு மணங்களைத் தடுக்கும் இடத்தில், இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது.

இதை எண்ணாகப் பார்த்தால் விளங்கும். வில்சன் நோயுள்ள ஒருவர் உறவில்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 180இல் ஒன்று. அத்தை அல்லது மாமன் பிள்ளையை மணந்தால் அது 8இல் ஒன்றாகவும், நோயில்லாத அக்காளின் மகளை மணந்தால் 6இல் ஒன்றாகவும் உயர்ந்துவிடுகிறது. பரிசம் போடுவதற்கு முன் ஜாதகம் பார்க்கும் வீட்டில் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டலாம்.

இனிப் படத்துக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கிடையாது. பொதுவாக மருத்துவமனைகளில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் வலுவானது. உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அந்தப் புலத்தில் ஒழுங்குபடுகின்றன; வானொலி அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை அளந்து படமாக்குகிறார்கள். இந்த முறைக்கு அடித்தளமிட்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நீரைத்தான் பார்க்கிறது. வில்சன் நோயின் படத்தைக் காட்டி ‘இந்த வெள்ளைதான் செம்பு’ என்று சொல்வது தவறு. செம்பு காயப்படுத்திய இடத்தில் வீங்கிய திசுவும், நரம்புறை இழந்த இழைகளும், செல் இறந்தபின் படரும் தழும்பும் டி2 என்ற வகைப் படத்தில் வெளுப்பாகத் தெரிகின்றன. சில இடங்களில் இரும்பு சேர்ந்து கறுப்பாகவும் தெரியும். படத்தில் இருப்பது திருடன் அல்ல, உடைந்த பூட்டு.

அந்த வெளுப்பு எங்கே விழுகிறது என்பதுதான் அடையாளம். மூளையின் ஆழத்தில், அசைவுகளைச் சீர்படுத்தும் பூட்டாமன் என்ற பகுதியில் இரு பக்கமும் சமச்சீராக அது அடிக்கடி காணப்படும். காடேட், தலாமஸ், நடுமூளை, அதற்குக் கீழுள்ள பான்ஸ் ஆகியவையும் சேரலாம். நடுமூளையின் குறுக்குவெட்டில் பெரும்பகுதி வெளுத்து, செந்நிறக் கருக்கள் எனப்படும் நரம்புத் தொகுப்புகள் இரண்டும் கறுப்பாக மிஞ்சும்போது, அவை கண்களாகவும் இருபுறத்துக் கருநிறப் பகுதியின் ஓரங்கள் காதுகளாகவும் அமைந்து பாண்டாக் கரடியின் முகம் போலத் தோன்றும். 1991இலிருந்து மருத்துவ இதழ்கள் இதைப் பாண்டா முகம் என்றே எழுதுகின்றன. மாணவர்களுக்கு மறக்காது என்பதால் இந்த முகத்துக்கு அளவுக்கு மீறிய புகழ் கிடைத்துவிட்டது. நோயாளிகளில் சிறுபான்மையினரிடம்தான் அது முழு உருவில் கிடைக்கும். பாண்டாவைக் காணோம் என்று நோயை மறுப்பது, கொம்பு இல்லாததால் மாடு இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். பூட்டாமன் இரு பக்கமும் கெட்டிருந்தாலே வில்சன் நோய் ஆகிவிடாது. மெத்தனால் கலந்த மது அதே இடத்தைத்தான் தாக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் அப்படிப்பட்ட மது பலரின் உயிரைப் பறித்தது நினைவிருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தலாமஸைத் தாக்கும். இந்த வட்டாரத்துக்கு அதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் எண்ணினார்கள். அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்பது 1999இல்தான் உறுதியானது. அந்த நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் வெண்பொருளில் சிதறிக் கிடந்த சிறு புள்ளிகள் வழக்கமான ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் படத்தோடு ஒத்துப்போகவில்லை. வட்டாரத்தில் எது வழக்கமோ அதையே முதலில் நினைக்கும் மனத்துக்கு மாறாகப் படம் பேசக்கூடும்; ஆனால் அதை வேறு சான்றுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த வேறு சான்றுகள் வாங்குவதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை என்பதுதான் சுங்கை சிப்புட் போன்ற ஊருக்கு முக்கியமான செய்தி. எம்.ஆர்.ஐ.க்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போவுக்குப் போக வேண்டும். அவசரமில்லாத படத்துக்கு முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள செம்பின் அளவும் அப்படியல்ல. மாதிரிதான் பயணம் போகும், ஆள் போக வேண்டியதில்லை. செருலோபிளாஸ்மின் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது சந்தேகத்துக்கு இடம் தரும். அறிகுறி உள்ளவரின் ஒருநாள் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டுவது சந்தேகத்தை மிகவும் வலுவாக்கும். சிறுநீரைச் சேர்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அன்று முழுவதும் மறுநாள் காலை வரையிலும் வருவதை, ஆய்வகம் கொடுத்த குடுவையிலேயே சேர்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாத்திரமோ பித்தளைச் சொம்போ இடையில் வரக் கூடாது. தோட்டத்துக்குப் பால் மரம் சீவவோ செம்பனைக் குலை அறுக்கவோ போகிறவர் அந்த ஒரு நாளை வீட்டில் கழிக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஏற்றது.

படம் எடுக்கும் நாளில் வேறு தொல்லைகள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டிய இடத்தில், அசைவைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதே நோயாகக் கொண்டவரைப் படுக்க வைக்கிறோம். நடுக்கம் மிகுந்தால் படம் கலங்கும். மயக்க மருந்து தேவைப்படலாம். பேச்சுக் குழறியவர் உள்ளேயிருந்து கூப்பிட்டால் புரியாது என்பதால், கையில் தரும் அழைப்புப் பந்தை அவரால் அழுத்த முடிகிறதா என்பதை முன்கூட்டியே பார்ப்பது நல்லது. காப்பு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். செய்வினை என்று நினைத்துக் கட்டிய தாயத்துக்குள் சுருட்டி வைத்திருப்பது பெரும்பாலும் செப்புத் தகடுதான் என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். தகடு தோலின் மேல் இருப்பதால் நோய் கூடாது. செப்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்த நீரைக் குடிப்பதுதான் கூடாது. ஈரல் வறுவல், கெராங் சிப்பி, முந்திரி, சாக்லேட் ஆகியவையும் குறைக்க வேண்டிய பட்டியலில் வருகின்றன.

மருந்துக்கு வந்தால், 1956இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்திய பெனிசிலமைன் இன்றும் பயனில் இருக்கிறது. அது செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. டிரையென்டின் அதே வகை. துத்தநாகம் வேறு வழியில், குடலிலேயே செம்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் நிறுத்தவும் கூடாது. கல்லீரல் முற்றிலும் கெட்டவர்களுக்கு மாற்று அறுவை ஒரு வழி.

இரண்டாவது படம் இங்கேதான் தேவைப்படுகிறது. நரம்புக் குறிகள் உள்ள நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் நடுக்கமும் இறுக்கமும் குறையாமல் கூடிவிடுகின்றன. நடந்து வந்த பையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், ‘மாத்திரைதான் கெடுத்துச்சு’ என்று தாய் அதை நிறுத்திவிடுவது இயல்பு. அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். முழுவதும் நிறுத்துவது மட்டும் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் எடுக்கும் படம் புதிய இடங்களில் வெளுப்புப் பரவியிருக்கிறதா என்பதைக் காட்டி முடிவுக்கு உதவும். பிறகு, மருந்து நிலைபெற்று ஓராண்டு அளவில் எடுக்கும் படத்தில், வீக்கத்தால் வந்த வெளுப்புகள் சுருங்கியும் மங்கியும் இருப்பதைப் பலரிடம் காண முடிகிறது. சுருங்கிப்போன மூளைப் பகுதியும் செல் இறந்து குழியான இடமும் திரும்புவதில்லை.

திரும்பக்கூடியது, திரும்பாதது என்ற இந்த வேறுபாட்டைத்தான் 2020இல் செக், போலந்து ஆய்வாளர்கள் ஒரு மதிப்பெண் முறையாக ஆக்கினார்கள். டி2 வெளுப்புகளை நச்சின் நடப்புத் தாக்கம் என்று ஒரு பக்கமும், சுருக்கத்தையும் இரும்புக் கறுப்பையும் நாட்பட்ட சேதம் என்று மறு பக்கமும் எண்ணிக் கூட்டுகிறார்கள். முதல் பக்கத்து எண் குறைந்துகொண்டே வந்தால் மருந்து வேலை செய்கிறது. குறைந்த எண் மறுபடி ஏறினால், நோயாளி மாத்திரையை விட்டுவிட்டாரா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. நடுக்கம் நின்று வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞன், பினாங்கிலோ ஜொகூரிலோ தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும்போது, ‘இப்பத்தான் நல்லாயிருக்கேனே’ என்று மாத்திரையை விடுவது அடிக்கடி நடப்பது. அவனுக்கு அறிவுரையைவிட, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது பயன்படும். இதற்காகவே முதல் படத்தின் குறுவட்டைக் குடும்பம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அடுத்த முறையும் இயன்றவரை அதே மருத்துவமனையில், அதே வகைக் கருவியில் எடுத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். படத்தை மாதந்தோறும் எடுப்பதில் பொருளில்லை. இடைக்காலத்தில் சிறுநீர்ச் செம்பும் இரத்தச் சோதனையும் கல்லீரல் நிலையும் போதிய செய்தி தரும்.

எடுத்துக்காட்டாக நினைத்துக்கொண்ட அந்தப் பையனுக்குப் பதினாறு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் படிவம் படிக்கிறாள். கோவில் திருவிழாவில் கும்மி அடிக்கிறாள். ஒரு குறையும் இல்லை. அண்ணனைப் பார்த்துப் பயந்த பெற்றோர் கடன் வாங்கியாவது தனியார் மருத்துவமனையில் அவளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நினைப்பார்கள். படம் இயல்பாக வந்துவிட்டால் நிம்மதியாகத் திரும்புவார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை, ஏனென்றால் செம்பு இன்னும் கல்லீரலில்தான் சேர்ந்துகொண்டிருக்கும். மூளை கடைசியில் கெடுகிறது, படமும் கடைசியில்தான் மாறுகிறது. அவளுக்கு வேண்டியவை செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீர், கல்லீரல் சோதனை, பிளவு விளக்கில் கண் பரிசோதனை ஆகியவை. அறிகுறி இல்லாதவர்களிடம் சிறுநீர்ச் செம்பு 40 மைக்ரோகிராமைத் தாண்டினாலே மேலும் ஆராய வேண்டும். அண்ணனின் மரபணுப் பழுது எதுவென்று தெரிந்துவிட்டால், அதே பழுது அவளிடம் இருக்கிறதா என்று ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். நான்கில் மூன்று பங்கு அவளுக்கு நோய் இல்லை என்றே வரும்.

மீதி நான்கில் ஒரு பங்கில் அவள் விழுந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திருக்காமல் அன்றே மருந்து தொடங்க வேண்டும். இந்த நிலையில் பலருக்குத் துத்தநாகமே போதுமானதாக இருக்கிறது. நாளை அவள் கருவுற்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவர் அளவை மட்டும் சரிசெய்வார். எம்.ஆர்.ஐ.க்கு அவள் விஷயத்தில் உள்ள இடம் ஒன்றுதான்: மருந்து தொடங்கும் நேரத்தில் ஒரு படம் எடுத்து, வட்டை அண்ணனுடையதோடு சேர்த்து அலமாரியில் வைப்பது. மாத்திரை தவறாமல் போய்க்கொண்டிருந்தால், பத்தாண்டு கழித்து எடுத்தாலும் அதே படம்தான் வர வேண்டும்.